மலையகத்தின் நீரும் சுழலியின் வெப்பமும்: அளக்க மறந்த நாடு கொடுக்கும் விலை

ஒவ்வோர் ஆண்டும் வரட்சி தொடங்கியதும் மலையகத்திலிருந்து வரும் செய்திகளில் ஒன்று தவறாமல் இடம்பெறுகின்றது. காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களின் நீர்மட்டம் இறங்கிவிட்டது என்பதே அச்செய்தி. மவுசாக்கலையில் நீர் வெகுவாக வற்றும் காலங்களில், மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா நகரின் கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் இருந்த இடங்கள் சேற்றுக்கு மேலே தலைகாட்டுகின்றன. அவற்றைக் காண ஹட்டனிலிருந்தும் நோர்வூட்டிலிருந்தும் மக்கள் வந்து செல்கின்றனர். அதே நாட்களில் கொழும்புக்கு வடக்கே கெரவலப்பிட்டியவிலும், களனி கங்கையின் ஓரத்தில் களனிதிஸ்ஸவிலும் எரிபொருளை எரித்து இயங்கும் வாயுச் சுழலிகள் முழு வேகத்தில் சுழலத் தொடங்குகின்றன. மலையில் நீர் குறைந்தால் கரையோரத்தில் நெருப்பு கூடுகின்றது. இந்த எளிய உண்மைக்குள் நாட்டின் மின்கட்டணமும், அந்நியச் செலாவணியும், மலையக இளைஞரின் எதிர்காலமும் அடங்கியுள்ளன என்பதை நாம் போதியளவு சிந்திப்பதில்லை.

சுழலியின் உள்ளே வெப்பம் எவ்வாறு உலோகத்துக்குள் புகுகின்றது, அதனை எவ்வாறு அளக்கின்றனர் என்னும் ஒரு தொழில்நுட்ப விடயத்தைப் பற்றி இன்று எழுத விரும்புகின்றோம். அரசியலும் சம்பளப் பேச்சுவார்த்தையும் நிறைந்த இப்பக்கத்தில் இதற்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அளக்கத் தெரியாதவன் விற்பவனின் சொல்லை நம்பியே வாங்க நேரிடும். நமது நாடு மின்சாரத் துறையில் பல தசாப்தங்களாக அந்த நிலையிலேயே இருந்து வருகின்றது. இது குறித்துப் பேச இதனைவிட வேறு காரணம் தேவையில்லை.

முதலில் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். இலங்கையின் நீர்மின் வரலாறு மலையகத்திலேயே தொடங்குகின்றது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1912 இல் நுவரெலியாவுக்கு மின்சாரம் வழங்குவதற்காக பிளக்பூல் என்னும் இடத்தில் ஒரு சிறு நீர்மின் நிலையத்தை அமைத்தார். 1918 இல், மஸ்கெலி ஓயா, கெஹெல்கமு ஓயா ஆகியவற்றின் நீரைக் கொண்டு நாட்டுக்கே மின்சாரம் வழங்கலாம் என்பதைக் கணக்குகளுடன் ஓர் ஆய்வுரையாகப் பொறியியலாளர் சங்கத்தின் முன்வைத்தார். அன்றைய ஆட்சியாளர்கள் அதனை அலட்சியம் செய்தனர். வேலை தொடங்கியது, நின்றது, மீண்டும் தொடங்கியது. இறுதியில் 1950 இல்தான் லக்சபான நிலையம் இயங்கலாயிற்று. விமலசுரேந்திர 1953 இல் மறைந்தார். அவரது வாதத்தின் பலம் அளவீடுதான். இத்தனை மழை, இத்தனை உயரம், இத்தனை நீர், ஆகவே இத்தனை மின்சாரம் என்று அவரால் சொல்ல முடிந்தது.

அதன் பின்னர் 1965 இல் காசல்ரீ நீரைக் கொண்டு இயங்கும் விமலசுரேந்திர நிலையமும், 1969 இல் பொல்பிட்டியவும், 1974 இல் புதிய லக்சபானவும், 1983 இல் கெனியனும் வந்து சேர்ந்தன. காசல்ரீயில் தேங்கும் நீர் களனி கங்கையாகக் கீழிறங்கும் முன்னர் விமலசுரேந்திர, பழைய லக்சபான, பொல்பிட்டிய ஆகிய மூன்று நிலையங்களில் அடுத்தடுத்துச் சுழலிகளைச் சுழற்றுகின்றது. இந்த ஐந்து நிலையங்களினதும் மொத்த வலு 300 மெகாவோட்டுக்கும் அதிகமாகும். 2012 இல் தலவாக்கலையில் 150 மெகாவோட் வலுவுள்ள மேல் கொத்மலை நிலையமும் சேர்ந்துகொண்டது.

இதற்காக மலையகம் கொடுத்த விலை சிறிதன்று. தேயிலை மலைகளும் லயன்களும் ஒரு நகரமும் நீருக்குள் போயின. மேல் கொத்மலைத் திட்டத்துக்காக சென்கிளயர் நீர்வீழ்ச்சியின் இயல்பான ஓட்டம் பறிபோனது. லக்சபானவில் உற்பத்தியான மின்சாரம் உயர் அழுத்தக் கம்பிகளில் கொழும்புக்குச் சென்றபோது, அக்கம்பிகளின் கீழேயிருந்த லயன் அறைகளில் பல தசாப்தங்களாகக் குப்பி விளக்கே எரிந்தது. இந்தச் சுமை மலையகத்துக்கு மட்டும் உரியதுமன்று. நுரைச்சோலையில் 900 மெகாவோட் நிலக்கரி மின் நிலையம் எழுந்தபோது, சாம்பலும் தூசும் குறித்த முறைப்பாடுகளை எழுப்பியோர் புத்தளம், கற்பிட்டிப் பிரதேசத்து முஸ்லிம் மக்களும் கத்தோலிக்க மீனவக் குடும்பங்களுமே ஆவர். நாட்டின் சுழலிகள் எங்கு சுழன்றாலும் அவற்றின் நிழலில் வாழ்வோர் சாதாரண மக்களே.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரையில் நாட்டின் மின்சாரத்தில் மிகப் பெரும்பங்கு நீரிலிருந்தே கிடைத்தது. 1996 ஆம் ஆண்டின் வரட்சி அந்த நம்பிக்கையைத் தகர்த்தது. நீண்ட மின்வெட்டுக்களுக்கு நாடு முகங்கொடுத்தது. 2001, 2002 ஆம் ஆண்டுகளிலும், பின்னர் 2019 மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் அதே கதை தொடர்ந்தது. 2022 இல் எரிபொருள் வாங்க டொலர் இல்லாமற் போனபோது நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரையில் மின்சாரம் துண்டிக்கப்பட்டதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். இந்த நெருக்கடிகளுக்கெல்லாம் விடையாக அனல் மின் நிலையங்களே காட்டப்பட்டன. களனிதிஸ்ஸவில் 1997 இல் 115 மெகாவோட் வாயுச் சுழலியும், பின்னர் இணைந்த வட்ட நிலையமும் நிறுவப்பட்டன. கெரவலப்பிட்டியவில் 300 மெகாவோட் யுகதனவி நிலையம் 2010 இல் முழுமை பெற்றது. அதே இடத்தில் 350 மெகாவோட் சோபாதனவி நிலையத்தின் முதற்கட்டம் 2024 இல் இயங்கத் தொடங்கியது. ஆகவே வாயுச் சுழலி என்பது இனி நமக்கு அந்நியமான ஒன்றல்ல. வரட்சிக் காலத்தில் ஹட்டன் நகரின் கடையிலும் தோட்டத்து வீட்டிலும் எரியும் விளக்குக்கு அதுவும் ஒரு காரணமாகும்.

நீர்ச் சுழலிக்கும் வாயுச் சுழலிக்கும் இடையிலான வேறுபாட்டை இங்கு விளங்கிக்கொள்ள வேண்டும். பழைய லக்சபானவில் 400 மீற்றருக்கும் மேலான உயரத்திலிருந்து குழாய்வழியே இறங்கும் குளிர்ந்த நீர், சக்கரத்தின் கிண்ணங்களில் மோதி அதனைச் சுழற்றுகின்றது. அங்கு தாங்கிகளும் மின்பிறப்பாக்கியின் சுருள்களும் மட்டுமே சூடாகின்றன. வாயுச் சுழலியின் கதை வேறு. காற்றை அமுக்கி, எரிபொருளைக் கலந்து தகனம் செய்து, அதனால் உண்டாகும் கொதிவாயுவை, விசிறியின் இதழ்களைப் போன்று வரிசை வரிசையாக அமைந்த உலோகத் தகடுகளின் மீது செலுத்துகின்றனர். வாயு எவ்வளவு சூடாக உள்ளதோ அவ்வளவுக்கு எரிபொருளிலிருந்து பெறும் மின்சாரமும் கூடும். இன்றைய மிகப் புதிய பெரிய இயந்திரங்களில் இந்த வாயுவின் வெப்பநிலை 1600 பாகை செல்சியஸை எட்டுகின்றது. தகடுகள் செய்யப்படும் நிக்கல் கலப்புலோகமோ 1300 பாகையை அண்டியதும் உருகத் தொடங்கிவிடும். நம் நாட்டிலுள்ள இயந்திரங்கள் இத்தனை வெப்பத்தில் இயங்குவனவல்ல. ஆயினும் அவற்றுள் பெரியவற்றில் நுழையும் வாயுவும் 1000 பாகையைத் தாண்டியதே.

தன்னை உருக்கவல்ல வாயுவின் நடுவே உலோகத் தகடு எவ்வாறு நிலைக்கின்றது? தகட்டின் உட்பகுதி குடையப்பட்டு அதற்குள் குளிர்ந்த காற்று செலுத்தப்படுகின்றது. அக்காற்று தகட்டின் மேற்பரப்பிலுள்ள நுண்துளைகள் வழியே வெளியேறி, கொதிவாயுவுக்கும் உலோகத்துக்கும் இடையில் மெல்லிய போர்வையாகப் பரவுகின்றது. இதன் மேல் சேர்க்கோனியா என்னும் களிமட்பாண்ட இனத்தைச் சேர்ந்த பூச்சும் இடப்படுகின்றது. குளிர்க்காற்று இலவசமாகக் கிடைப்பதன்று. அமுக்கப்பட்ட காற்றில் ஒரு பங்கைத் திருப்பியே அது பெறப்படுகின்றது. கூடுதலாக எடுத்தால் எரிபொருள் வீணாகும். குறைவாக எடுத்தால் தகடு அழியும். உலோகத்தின் வெப்பநிலையைக் கணிப்பதில் 30 பாகை தவறினாலே தகட்டின் ஆயுள் பாதியாகக் குறையலாம் என்பது இத்துறை நூல்கள் கூறும் பொதுவான மதிப்பீடு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாகைகளில் 30 பாகை என்பது மிகச் சிறிய பிழை. அச்சிறிய பிழையின் விலை ஒரு மின் நிலையத்தின் பராமரிப்புச் செலவையே தலைகீழாக்கிவிடுகின்றது.

எனவே தகட்டின் எந்த இடத்தில் எவ்வளவு வெப்பம் புகுகின்றது என்பதைத் துல்லியமாக அறிந்தாக வேண்டும். சாதாரண வெப்பமானியை அங்கு வைக்க முடியாது. தடித்த கம்பியைப் பதித்தால் அதுவே வாயுவின் ஓட்டத்தைக் குழப்பும், மாற்றங்களைப் பிந்தியே உணரும். ஒரு வரிசைத் தகடுகளின் பின்னால் எழும் சுழிப்புகள் அடுத்த வரிசையின் மீது செக்கனுக்குப் பல ஆயிரம் தடவைகள் மோதுகின்றன. அத்தனை வேகமான மாற்றத்தைப் பின்தொடரும் கருவி மேற்பரப்போடு மேற்பரப்பாகவே இருந்தாக வேண்டும்.

இதற்குக் கண்டறியப்பட்ட வழிதான் மெல்லிய படல உணரி. வெப்பத்தை இலகுவில் கடத்தாத கண்ணாடி அல்லது பீங்கான் போன்ற பொருளின் மீது பிளாட்டினம் அல்லது நிக்கல் உலோகம் மிக மெல்லிய கோடாகப் படிவிக்கப்படுகின்றது. அதன் தடிப்பு ஒரு மைக்ரோமீற்றரிலும் குறைவு, அதாவது தலைமயிரின் தடிப்பில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருப்பது வழக்கம். அந்தக் கோட்டினூடே சிறு மின்னோட்டம் செலுத்தப்படுகின்றது. உலோகம் சூடாகும்போது அதன் மின்தடை கூடும். தடையின் மாற்றத்தைப் பதிவு செய்தால் மேற்பரப்பின் வெப்பநிலை கணத்துக்குக் கணம் தெரிந்துவிடும்.

ஆயினும் வெப்பநிலையும் வெப்பத்தின் அளவும் ஒன்றல்ல. நமது வீடுகளில் ரொட்டி சுடும் கல்லை விரல் நுனியால் ஒரு கணம் தொட்டு எடுப்போம். அக்கணத்தில் விரலின் தோல் மட்டுமே சூடாகின்றது, உள்ளே எலும்பு வரையில் வெப்பம் செல்ல நேரமில்லை. தோல் எவ்வளவு விரைவில் சூடேறியது என்பதைக் கொண்டு உள்ளே எவ்வளவு வெப்பம் புகுந்தது என்று கணக்கிடலாம். மெல்லிய படல உணரியின் கணிதமும் இதுவே. சோதனை ஒரு செக்கனிலும் குறைந்த நேரமே நீடிப்பதால், பீங்கானின் அடிப்பகுதிக்கு வெப்பம் செல்லும் முன்னரே அளவீடு முடிந்துவிடுகின்றது. மேற்பரப்பு வெப்பநிலை ஏறிய விதத்திலிருந்து ஒரு சதுர மீற்றருக்குப் பாயும் வெப்பத்தின் அளவு பெறப்படுகின்றது.

இம்முறை ஆரம்பத்தில் ஒலியினும் பன்மடங்கு வேகத்தில் பறக்கும் கலங்களைப் பற்றிய ஆய்வுகளில் உருவானது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷுல்ட்ஸ், ஜோன்ஸ் ஆகியோர் 1973 இல் வெளியிட்ட விரிவான கையேடு இத்துறையினருக்கு இன்றும் அடிப்படையாக விளங்குகின்றது. பின்னர் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் இதனைச் சுழலித் தகடுகளுக்குப் பயன்படுத்தினர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் எண்பதுகளில் எப்ஸ்டீனும் அவரது குழுவினரும், வளையக்கூடிய பிளாஸ்திக் தாளின் இருபுறமும் படலங்களை இட்டு, சுழலும் தகட்டின் மீதே ஒட்டி அளந்தனர். நாசாவின் ஆய்வாளர்கள் பிளாட்டினமும் ரோடியமும் கொண்ட படலங்களை உண்மையான தகடுகளின் மீது படிவித்து உயர் வெப்பத்தில் அளக்கும் வழிகளை வளர்த்தனர்.

இந்த ஆய்வுகூடங்களில் 1600 பாகை நெருப்பு மூட்டப்படுவதில்லை என்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். சாதாரண அறை வெப்பநிலையிலுள்ள தகட்டின் மீது மிதமாகச் சூடேற்றிய காற்றை ஒரு செக்கனின் சிறு பகுதி நேரத்துக்கு மட்டும் செலுத்துகின்றனர். வாயுவுக்கும் உலோகத்துக்கும் இடையிலான வெப்பநிலை விகிதமும், ஓட்டத்தின் தன்மையைக் குறிக்கும் எண்களும் உண்மையான சுழலியில் உள்ளவாறே அமைந்தால், அங்கு பெறும் முடிவு மின் நிலையத்திலுள்ள சுழலிக்கும் பொருந்தும். தகட்டின் முன்விளிம்பில் வெப்பம் உச்சமாக இருப்பதையும், ஒழுங்காக ஓடிய வாயு குழம்பத் தொடங்கும் இடத்தில் உலோகத்துக்குள் புகும் வெப்பம் சட்டென்று பன்மடங்காவதையும், முன்வரிசைத் தகடுகளின் பின்னால் எழும் சுழிப்புகள் அந்த இடத்தையே நகர்த்திவிடுவதையும் இத்தகைய அளவீடுகளே ஐயமறக் காட்டின. எந்த இடத்தில் குளிர்க்காற்றுத் துளையை இடவேண்டும் என்பதை உற்பத்தியாளர்கள் இவ்வாறே அறிந்துகொண்டனர். நீராவிச் சுழலியும் சேர்ந்த இணைந்த வட்ட நிலையங்கள் இன்று எரிபொருளின் சக்தியில் 60 வீதத்துக்கும் மேல் மின்சாரமாக மாற்றுகின்றன. அந்த வளர்ச்சிக்குப் பின்னால் இத்தகைய பொறுமையான அளவீடுகளின் அரை நூற்றாண்டு நிற்கின்றது.

இனி நமது நாட்டுக்கு வருவோம். உற்பத்தியாளர் தமது இயந்திரத்தின் வலுவையும் வினைத்திறனையும் சர்வதேச நியமத்தின்படி 15 பாகை செல்சியஸ் காற்றையும் கடல்மட்ட அமுக்கத்தையும் கொண்டே குறிப்பிடுகின்றனர். 15 பாகை என்பது ஏறத்தாழ நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை. ஆனால் நுவரெலியாவின் உயரத்தில் காற்று ஐதானது. கடல்மட்டத்திலுள்ள கெரவலப்பிட்டியவிலோ வெப்பநிலை 30 பாகையை எட்டுகின்றது. சூடான காற்று இலேசானது என்பதால் ஒவ்வொரு பாகை ஏற்றத்துக்கும் சுழலியின் வலு சுமார் அரை முதல் ஒரு வீதம் வரையில் குறைகின்றது. ஆகவே பத்திரத்தில் எழுதப்பட்ட மெகாவோட் வேறு, நமது மண்ணில் கிடைக்கும் மெகாவோட் வேறு.

எரிபொருளிலும் இதே சிக்கல் உண்டு. யுகதனவி நிலையம் கந்தகம் குறைந்த கனரக எண்ணெயில் இயங்குவதற்கு ஏற்றவாறு அமைந்தது. இயற்கை வாயுவைக் கருத்திற்கொண்டு திட்டமிடப்பட்ட சோபாதனவி 2024 இல் டீசலிலேயே இயங்கத் தொடங்கியது. கனரக எண்ணெயிலுள்ள வனேடியம், சோடியம் போன்றவை தகட்டில் படிந்து அரிக்கும் தன்மை கொண்டவை. படிவு ஏறிய தகட்டின் மேற்பரப்பு சொரசொரப்பாகும். சொரசொரப்பான பரப்பில் வாயு கூடுதலாகக் குழம்பும், உலோகத்துக்குள் புகும் வெப்பமும் கூடும். குளிர்க்காற்றுத் துளைகள் உள்ள தகடுகளில் அத்துளைகள் அடைபடும் ஆபத்தும் உண்டு. வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் தூய காற்றைக் கொண்டு புத்தம்புதிய தகட்டின் மீது எடுத்த அளவீடு, நமது எண்ணெயில் பல்லாயிரம் மணித்தியாலங்கள் ஓடிய தகட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று கருத இடமில்லை. தகடுகளை எப்போது மாற்றுவது, எத்தனை பாகையில் இயக்குவது என்ற முடிவுகள் ஒவ்வொன்றும் டொலர்க் கணக்கு. அந்த முடிவுகளைச் சுயமாகச் சரிபார்க்கும் ஆற்றல் நம்மிடம் வளர்க்கப்படவில்லை என்பதே நமது ஆதங்கம்.

ஏழை நாடு ஒன்று சுழலி செய்யப் போவதில்லையே, இந்த அறிவு எதற்கு என்று கேட்போர் உளர். சுழலி செய்வது எத்தனை கடினம் என்பதற்கு அயலிலேயே சான்று உண்டு. இந்தியா போர்விமானம் ஒன்றுக்காக 1989 இல் அங்கீகரித்த காவேரி இயந்திரத் திட்டம், கொதிவாயுவின் வெப்பத்தைத் தாங்கும் தகடுகள் உட்படப் பல தடைகளால் எதிர்பார்த்த வலுவை எட்டவில்லை. 2008 இல் அந்த விமானத் திட்டத்திலிருந்து அது பிரிக்கப்பட்டது. ஆயினும் அந்நாடு அளக்கும் கலையைக் கைவிடவில்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவகத்திலும் குவாஹாட்டி இந்தியத் தொழில்நுட்ப நிறுவகத்திலும் பிளாட்டினப் படல உணரிகளை ஆய்வாளர்களே செய்து பயன்படுத்துகின்றனர்.

இங்கு கவனிக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. இவ்வுணரிகளைச் செய்வதற்கு எப்போதும் கோடிக்கணக்கான ரூபா பெறுமதியான இயந்திரங்கள் தேவைப்படுவதில்லை. பீங்கான் கோப்பைகளின் விளிம்பை அலங்கரிக்கப் பயன்பட்டு வந்த திரவப் பிளாட்டினப் பூச்சைத் தூரிகையால் கோடாகத் தீட்டி, உலையில் சுட்டெடுத்தே பல ஆய்வுகூடங்கள் தமது உணரிகளைத் தயாரித்துள்ளன. பொறுமையும் கைத்திறனும் கணித அறிவும் அதற்குப் போதும். பேராதனை, மொறட்டுவை பொறியியற் பீடங்களுக்கும், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்துக்கும், கிளிநொச்சியில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்துக்கும் இது எட்டாத காரியமன்று.

மலையகத்துக்கு இதில் தனி உரிமை உண்டு என்று நாம் கருதுகின்றோம். வெப்பத்தை ஆள்வது தோட்டத் தொழிற்சாலைகளுக்குப் புதிய விடயமன்று. வாட்டிய கொழுந்தை உருட்டி, நொதிக்கவைத்து, உலர்த்தும் இயந்திரத்தில் சுமார் 90 முதல் 100 பாகை வரையிலான காற்றைச் செலுத்தி, இலையின் ஈரத்தை மூன்று வீதமளவுக்குக் கொண்டுவருகின்றனர். வெப்பம் கூடினால் தேயிலை கருகும், குறைந்தால் புழுங்கிச் சுவை கெடும், விறகும் வீணாகும். இதனைத் தொழிற்சாலையில் வேலை செய்வோர் மணத்தாலும் விரலாலும் அறிகின்றனர். காற்றிலிருந்து இலைக்கு வெப்பம் செல்லும் விதிக்கும், கொதிவாயுவிலிருந்து தகட்டுக்கு வெப்பம் செல்லும் விதிக்கும் அடிப்படை ஒன்றே. ஒரு காலத்தில் மலையகத் தோட்டங்களில் நூற்றுக்கணக்கான சிறு நீர்ச் சுழலிகள் ஓடைகளின் நீரில் இயங்கித் தொழிற்சாலைகளை ஓட்டின என்பதும் நினைவுகூரத்தக்கது. தேசிய மின்வழங்கல் வந்ததும் அவை துருப்பிடிக்க விடப்பட்டன. சுழலியோடும் வெப்பத்தோடும் ஒன்றரை நூற்றாண்டு பழகிய ஒரு சமூகத்தை, அவற்றைப் பற்றிய விஞ்ஞானத்திலிருந்து வெகுதூரத்தில் நிறுத்தி வைத்துள்ளோம்.

அந்தத் தூரத்தின் பெயர் கல்வி. தோட்டப் பாடசாலைகள் எழுபதுகளில் அரசு பொறுப்பேற்கும் வரையில் பெரும்பாலும் ஓர் ஆசிரியரும் ஓர் அறையுமாகவே இருந்தன. அதன் பின்னர் முன்னேற்றம் ஏற்பட்டுள்ளதை மறுப்பதற்கில்லை. பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி பல நூறு ஆசிரியர்களை உருவாக்கியுள்ளது. எனினும் உயர்தரத்தில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் தமிழ்மொழியில் கற்பிக்கும் பாடசாலைகள் நுவரெலியா மாவட்டத்தில் தேவைக்குப் போதாது. ஆய்வுகூடம் இருந்தால் ஆசிரியர் இல்லை, ஆசிரியர் இருந்தால் ஆய்வுகூடம் இல்லை என்ற நிலை பல இடங்களில் தொடர்கின்றது. திறமையுள்ள மாணவன் கலைப் பிரிவுக்குத் திரும்புகின்றான், இல்லையேல் கொழும்பில் கடைச் சிப்பந்தியாகின்றான். சிறு நகரங்களில் வாழும் மலையக முஸ்லிம் மாணவர்களின் நிலையும் இதிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று. கலைப் பிரிவில் கற்றுப் பட்டம் பெற்ற நாம் அக்கல்வியைக் குறைத்து மதிப்பிடவில்லை. விருப்பத்தால் தெரிவு செய்வது வேறு, வேறு கதவு திறவாமையால் அதற்குள் நுழைவது வேறு என்பதையே சொல்கின்றோம்.

இன்று இதனைப் பேசுவதற்கு ஒரு சந்தர்ப்பமும் வாய்த்துள்ளது. 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டமும் 2025 இல் அதற்குக் கொண்டுவரப்பட்ட திருத்தமும் மின்சார சபையின் பணிகளைத் தனித்தனி நிறுவனங்களிடம் பிரித்து ஒப்படைக்கும் பாதையை வகுத்துள்ளன. உற்பத்தியும் பரிமாற்றமும் விநியோகமும் வேறு வேறு கைகளுக்குச் செல்லும்போது, யாரிடம் என்ன தரவு இருக்கும் என்ற கேள்வி முன்னரைவிட முக்கியமாகின்றது. இது தொடர்பில் மூன்று விடயங்களை உரியவர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகின்றோம்.

முதலாவது, எரிபொருளில் இயங்கும் நிலையங்களுடன் செய்துகொள்ளும் மின்கொள்வனவு உடன்படிக்கைகளில், சுழலியின் வெப்பப் பகுதி குறித்த பரிசோதனைத் தரவுகளை அரச தரப்புக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் வழங்கும் கடப்பாடு சேர்க்கப்பட வேண்டும். எத்தனை பாகையில் இயங்கியது, எத்தனை மணித்தியாலத்தில் எந்தத் தகடு மாற்றப்பட்டது என்பன வியாபார இரகசியம் என்று மூடி வைக்கப்படக்கூடாது. அதற்கான செலவை இறுதியில் செலுத்துபவர் மின்பாவனையாளரே.

இரண்டாவது, மலையகத்துக்கு அண்மையிலுள்ள பேராதனைப் பொறியியற் பீடத்தை மையமாகக் கொண்டு வெப்ப இடமாற்ற அளவீட்டுக்கான ஆய்வுகூடம் ஒன்று நிறுவப்பட வேண்டும். ஒலுவிலும் கிளிநொச்சியும் அதில் பங்காளிகளாக இணையலாம். கழற்றி எறியப்படும் பழைய தகடுகளே அதன் முதல் பாடநூலாகட்டும்.

மூன்றாவது, 1925 இல் தொடங்கப்பட்டுத் தலவாக்கலை சென் கூம்ஸில் இயங்கிவரும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகமும், மாவட்டத்தின் தொழில்நுட்பக் கல்லூரிகளும் சேர்ந்து, உயர்தர மாணவர்கள் தேயிலைத் தொழிற்சாலையிலேயே வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்து கற்கும் பயிற்சிகளை ஏற்படுத்த வேண்டும். அதற்குப் பிளாட்டினப் படல உணரிகள் தேவையென்றில்லை, சாதாரண வெப்பவிணையே போதும். அதே பிளாட்டினத் தடை வெப்பமானிகள்தாம் உலகெங்கும் நீர்மின் நிலையங்களின் தாங்கிகளையும் சுருள்களையும் காவல் காக்கின்றன என்பதை லக்சபானவுக்கு அழைத்துச் சென்று காட்டினால், பாடம் அவர்களின் வாழ்வோடு பிணைந்துவிடும்.

இவை பெரும் நிதி கோரும் கோரிக்கைகளல்ல. ஒரு வரட்சிக் காலத்தில் எரிக்கப்படும் எண்ணெய்க்கான செலவோடு ஒப்பிட்டால் இவற்றுக்கான செலவு அற்பமானது. இல்லாதது நிதியைவிட, அளந்து பார்க்க வேண்டும் என்ற மனப்பாங்கே. விமலசுரேந்திரவின் கணக்கை முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் போட்ட அதே மனப்பாங்கு இன்றும் நம்மிடம் எஞ்சியிருக்கின்றது.

மலையக மக்களின் இருநூறு ஆண்டு கால வரலாறு 2023 இல் நினைவுகூரப்பட்டது. அந்த இருநூறு ஆண்டுகளில் பெரும்பகுதி, கொழுந்து நிறுக்கும் தராசின் முன்னே கழிந்திருக்கின்றது. கூடையில் எத்தனை கிலோ, ஈரத்துக்கு எவ்வளவு கழிவு, சாக்குக்கு எவ்வளவு கழிவு என்று நாள்தோறும் அளக்கப்பட்ட மக்கள் அவர்கள். அந்தத் தராசின் முள்ளைப் பார்க்கும் உரிமைக்காகவே பல போராட்டங்கள் நடந்துள்ளன. நிறுவையில் நீதி வேண்டும் என்பது கோவிலுக்குச் செல்வோரும் பள்ளிவாசலுக்குச் செல்வோரும் ஒருசேர ஏற்கும் அறம். அந்த அறத்தின் அடுத்த படியாக, இதுவரை அளக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் அளப்பவர்களாக மாற வேண்டும். அடுத்த தடவை மவுசாக்கலையில் நீர் வற்றிப் பழைய மஸ்கெலியா தலைகாட்டும் வேளையில், கெரவலப்பிட்டியவின் சுழலித் தகட்டில் ஏறும் வெப்பத்தைக் கணக்கிடும் பொறியியலாளர்களிடையே மஸ்கெலியாவின் பிள்ளை ஒருவரும் இருப்பதற்கான வழியைத் திறப்பது ஆட்சியாளர்களின் கடமையாகும். அதனை விடாது வலியுறுத்துவது மலையகப் பிரதிநிதிகளினதும் சமூகத் தலைவர்களினதும் பொறுப்பாகும்.